சொல்லத் தகுந்த ஆள்

2021இல் யுனிசெஃப் வெளியிட்ட ‘உலகக் குழந்தைகளின் நிலை’ அறிக்கை முழுக்க மனநலத்தைப் பற்றியது. அதற்காக 21 நாடுகளில் 15 முதல் 24 வயது வரையிலான இளையோரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மனதில் சிக்கல் வந்தால் மற்றவர்களிடம் சொல்லி உதவி கேட்பது நல்லதா, அல்லது அது அவரவர் தனியாகச் சமாளிக்க வேண்டிய சொந்த விஷயமா? எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் 83 விழுக்காட்டினர் சொல்லி உதவி கேட்பதே நல்லது என்றார்கள். இந்தியாவில் அப்படிச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. பாதிக்குக் குறைவானவர்கள் மட்டுமே அப்படி நினைத்த ஒரே நாடு இதுதான்.

இதைப் படித்ததும் ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். பள்ளியில் ஒரு சிறப்புரை, ஒரு உறுதிமொழி, ஒரு குழுப் புகைப்படம் என்று அதற்கான சடங்கும் தயாராக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளை விவரம் தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் வீட்டில், தெருவில், வகுப்பில் யாராவது வாய்திறந்து சொன்னபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அக்கா சொன்னாள், அவளுடைய படிப்பு நின்றது. வகுப்புத் தோழன் சொன்னான், மறுநாள் ஆசிரியர்கள் அறை முழுக்க அதே பேச்சு. துன்பத்தில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையைப் பேசவைப்பது எப்படி என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளை ஏன் சொல்வதில்லை என்று கேட்டே நமக்குப் பழகிவிட்டது. ஆய்வுகளோ கேட்பவர் பக்கம் கைகாட்டுகின்றன.

முதலில் இந்த மௌனத்தின் கனம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு கணியம்பாடி ஒன்றியத்தில் பல ஆண்டுகளாக ஒரு கணக்கெடுப்பு நடத்திவந்தது. ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை. ஒவ்வொரு இறப்புக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய், குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்துக் காரணத்தைப் பதிவுசெய்வார்கள். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளில் 10 முதல் 19 வயதுக்காரர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து, 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த வயதில் ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 148 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளில் 58 பேர். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்குவரை இப்படி நேர்ந்தவை. உலகமே திரும்பிப் பார்த்த எண்கள் இவை. அதற்கு முன் இவ்வளவு உயர்ந்த விகிதம் வெளியே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், வீட்டுக்குப் போய்க் கேட்டவர்கள் இல்லை என்பது. செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும், தற்கொலைச் செய்திகளில் காரணமாக வரும் ‘தீராத வயிற்றுவலி’ என்ற சொற்றொடர் பழக்கம். இறந்த பிறகும் அந்தப் பெண் சொல்லாததைக் காவல் நிலைய ஏட்டில் யாரும் எழுதுவதில்லை.

நாடு முழுவதற்குமான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். இவை அனைத்துக்கும் மௌனம் ஒன்றே காரணம் என்று சொல்வது அபத்தம். வறுமை, வன்முறை, சாதி, தேர்வு, நோய் எல்லாம் உண்டு. ஆனாலும் இவற்றில் எதுவானாலும், நடுவில் ஒரு ஆள் இருந்தாரா இல்லையா என்பது விளைவை மாற்றுகிறது.

தமிழ் வீடுகளில் இதற்கு முதலில் கைக்கு வரும் கருவி கண்காணிப்பு. செல்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பது, கடவுச்சொல்லைக் கேட்பது, தோழியின் அம்மாவுக்குப் போன்போட்டு விசாரிப்பது, டியூஷன் வாசலில் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்பது. ‘எம் புள்ளயப் பத்தி எனக்குத் தெரியாததா’ என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறக்கிறது. 2000ஆம் ஆண்டுவரை ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் நம்பினார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று பெற்றோருக்கு நன்கு தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் வம்புக்குப் போவது குறைவு. ஆகவே கண்காணிப்பு பலனளிக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

ஸ்வீடனில் பணியாற்றிய ஹோகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் எல்லோரும் தாண்டிப் போய்விட்ட ஒரு கேள்வியைக் கேட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? மத்திய ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து, தகவல் வந்த வழிகளை மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளை தானாகச் சொன்னது ஒன்று. பெற்றோர் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது இன்னொன்று. விதி போட்டுக் கட்டுப்படுத்தியதால் தெரிந்தது மூன்றாவது. பெற்றோரின் அறிவில் பெரும்பங்கு முதல் வழியில்தான் வந்திருந்தது. பிற்பாடு சிலர் இந்த முடிவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினார்கள், கண்காணிப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்று வாதிட்டார்கள். அது நியாயமான திருத்தம். ஆனாலும் அடிப்படைக் கண்டுபிடிப்பு அசையவில்லை. 14 வயதுப் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அது நமக்குத் தெரியட்டும் என்று விட்டுக்கொடுத்தது.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜூடித் ஸ்மெட்டானா பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதன் மறுபக்கத்தை. எதைச் சொல்ல வேண்டும், எது தன் சொந்த எல்லைக்குள் வரும் என்று பிள்ளைகள் மனதுக்குள் ஒரு வேலி வைத்திருக்கிறார்கள். புகை, மது போல உடம்புக்கு ஆபத்தான விஷயங்களில் பெற்றோருக்குக் கேட்க உரிமை உண்டு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நட்பு, காதல், உடை, நேரப்போக்கு என்று வரும்போது வேலி உயர்கிறது. வயது ஏற ஏற அது நகரவும் செய்கிறது. பெற்றோர் வரைந்திருக்கும் எல்லை அதே வேகத்தில் நகர்வதில்லை. பல வீடுகளில் சண்டை என்று நாம் பார்ப்பது இந்த இரண்டு வேலிகளுக்கும் இடையில் உள்ள நிலத்தைப் பற்றியது. ஒரு பிள்ளை எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது கோளாறுக்கான அறிகுறி ஆகாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் ஒளிப்பது வளர்வதன் ஒரு பகுதி. கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி மௌனம். தூக்கமும் சாப்பாடும் மாறிப்போய், பிடித்த கிரிக்கெட்டும் பிடிக்காமல், சேர்ந்து திரிந்தவர்களை விட்டு விலகி, வாரக்கணக்கில் நீடிக்கும் மௌனம் அது. நம் ஊரில் அது உடம்பின் வழியாகவும் வரும். திங்கள்கிழமை காலை வயிற்றுவலி, தேர்வுக்கு முன் தலைவலி, மயக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றதும் ‘நடிக்கிறான்’ என்று முடிவாகிவிடுகிறது. வலி உண்மையானது, அதன் ஊற்று மட்டும் ஸ்கேனில் தெரியாத இடத்தில் இருக்கிறது.

சொல்ல வேண்டிய நிலையிலும் ஏன் சொல்வதில்லை? 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அமேலியா கல்லிவர் முதலியோர் இதைப் பற்றிய 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்று காரணங்கள் மேலெழுந்தன. வெட்கமும் மற்றவர் என்ன நினைப்பார் என்ற அச்சமும் முதலாவது. தனக்கு நடப்பது இன்னதென்றே புரியாமை இரண்டாவது. நானே பார்த்துக்கொள்வேன் என்ற பிடிவாதம் மூன்றாவது. அதே நாட்டின் ஃபிராங்க் டீன், கோரலி வில்சன் ஆகியோரின் ஆய்வுகள் இன்னும் கொடிய ஒன்றைக் காட்டின. சாவைப் பற்றிய எண்ணம் வலுக்க வலுக்க, உதவி கேட்கும் எண்ணம் தேய்கிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் கை நீளாது. ‘ஏதாவதுன்னா எங்கிட்ட சொல்லு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பெரியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சொல்லும் பொறுப்பு முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆஸ்திரேலியப் பட்டியலில் இடம்பெறாத ஒரு காரணம் இங்கே உண்டு. சொன்னால் நிஜமாகவே இழப்பு நேரும். பேருந்தில் ஒருவன் தினமும் தொந்தரவு செய்கிறான் என்று பிளஸ் ஒன் படிக்கும் பெண் வீட்டில் சொன்னால், நிற்கக்கூடியது அவன் பயணம் இல்லை, அவள் படிப்பு. அவசரமாக ஒரு வரன் பார்க்கப்படலாம். காதல் என்றால், அதுவும் சாதி மாறிய காதல் என்றால், உயிருக்கே ஆபத்து என்பதற்குத் தமிழ்நாட்டில் நாளிதழ்ச் சான்றுகள் தேடி அலைய வேண்டியதில்லை. பையன்களுக்கு வேறு கணக்கு. ‘ஆம்பளப் பய அழுவுறான் பாரு’ என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பிள்ளைகளிடம் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று மேடையில் சொல்வது, விலை என்ன என்று சொல்லாமல் பொருளை வாங்கச் சொல்வதைப் போன்றது. அவர்களுக்கு விலை தெரியும். அதனால்தான் வாங்குவதில்லை.

ஆகவே நம்பிக்கைக்குரியவர் என்றால் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் உடனே பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலை உடைத்தது ஒரு பழைய ஆங்கிலக் கதை. 1935இல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்தினார். அவளுக்கு முதன்முறையாக மாதவிடாய் வந்திருக்கிறது. அது என்னவென்று சொல்ல ஆளில்லை. பால்வினை நோய் வந்துவிட்டதாக நினைத்து உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது ஒருவரிடம் கேட்க முடிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பயம் அது. வாரா அதை மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டன் நகர மையத்தில் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். ‘சமாரிட்டன்ஸ்’ இயக்கம் அப்படித் தொடங்கியது.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்பு அந்தத் தொலைபேசியில் நிகழவில்லை. பக்கத்து அறையில் நிகழ்ந்தது. வாராவைப் பார்க்க நேரில் வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த சாதாரண மனிதர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் கடைசியில் வாராவைப் பார்க்காமலேயே கிளம்பிப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. 1954 தொடக்கத்தில் கேட்கும் பணியை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார் அவர். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையமும் தன்னார்வலர்களின் காதுகளை நம்பி நடப்பதுதான்.

இது ஏதோ நெகிழ்ச்சியான கதை, அறிவியல் வேறு என்று தள்ளிவிட முடியாதபடி பீகாரிலிருந்து ஒரு சான்று வந்தது. நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, மனநல மருத்துவர் விக்ரம் படேல் உள்ளிட்ட குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆள் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளியில் அமர்த்தினார்கள். பிள்ளைகளோடு கலந்துரையாடுவது, சுவர்ப் பத்திரிகை நடத்துவது, பெயர் போடாமல் எழுதிப்போடும் பெட்டியைத் திறந்து பார்ப்பது, தேடி வருபவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்பது என்பன அவர் வேலை. இன்னொரு பங்குப் பள்ளிகளில் இதே வேலையை அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. 2018இல் வெளியான முடிவின்படி, ஆசிரியர் அல்லாத அந்த ஆள் இருந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வு குறைந்தது, அடிதடியும் சீண்டலும் குறைந்தன, பள்ளியைப் பற்றிய உணர்வு மேம்பட்டது. ஆசிரியர் செய்த பள்ளிகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளிலிருந்து சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்களுக்கு ஏற்கெனவே பாடம், தேர்வு, எமிஸ் இணையதளப் பதிவேற்றம் என்று மூச்சு முட்டுகிறது. அதைவிட முக்கியமானது, ஆசிரியர் மதிப்பெண் போடுபவர், பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லக்கூடியவர், அடுத்த ஆண்டும் அதே வகுப்பில் நிற்பவர். தன் மீது அதிகாரம் உள்ளவரிடம் மனதைத் திறப்பது பெரியவர்களுக்கே கடினம். நம்மில் எத்தனை பேர் மேலதிகாரியிடம் போய் ‘எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை’ என்று சொல்வோம்? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ பெட்டி நல்ல யோசனைதான். அதைத் திறப்பவர் யார், திறந்தபின் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அதில் சீட்டு விழும்.

ஐரோப்பாவில் இதே திசையில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். ஒரு பிரிவில், ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில், கேள்வித்தாள் கொடுத்துச் சலித்தெடுத்து மருத்துவரிடம் அனுப்புவது. மூன்றாவதில், மாணவர்களையே உட்காரவைத்து, நடித்துக் காட்டி, தங்கள் வயதின் நெருக்கடிகளைப் பற்றி அவர்களையே பேசவைப்பது. டனூட்டா வாசர்மன் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட முடிவுப்படி, ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகளைத் தெளிவாகக் குறைத்தது மூன்றாவது வழி மட்டுமே. கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. பெரியவர்களின் பார்வையைக் கூர்மையாக்குவதைவிட, பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பழக இடம் கொடுத்தது பலித்திருக்கிறது.

இனி, பிள்ளை வாய்திறக்கும் அந்த முதல் பத்து நிமிடம். பிள்ளைகள் பெரிய விஷயத்தை நேராகக் கொண்டுவருவதில்லை. சின்னதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். ‘எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்’ என்று ஆரம்பிக்கும் பேச்சு பெரும்பாலும் அந்த ஒருத்தனைப் பற்றியதாக இருக்காது. அதற்கு நாம் சொல்லும் பதிலை வைத்து அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவாகிறது. ஒரு அத்தையும் அவள் அண்ணன் மகனும் இரவில் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

‘அத்தை, எனக்கு இந்த நீட் கோச்சிங்கே வேணாம்னு தோணுது.’

‘அடப்பாவி, உங்கப்பா லோன் போட்டுல்ல கட்டியிருக்காரு!’

இங்கே கதை முடிந்தது. அவன் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவான். அத்தை நல்லவள், சொன்னதும் பொய்யில்லை. அதே இடத்தில் ‘அப்படியா? எப்போலேருந்துடா தோணுது?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அடுத்த வரி வந்திருக்கும். அவன் நான்கு மாதமாக வகுப்பில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பதும், அதைவிடக் கனமான இன்னொன்றும் அதற்குப் பின்னால் இருக்கலாம். எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்பதைவிட இப்படி ஏதாவது ஒரு வேலையோடு, பக்கவாட்டில், முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பேச்சு சுலபமாக வருகிறது. இருசக்கர வண்டியின் பின்சீட்டு, ஊருக்குப் போகும் பேருந்து, விளக்கணைத்த பிறகான பாய் என்று நம் வீடுகளில் இதற்கு இடங்கள் இருந்தன. பாட்டியும் சித்தியும் தாய்மாமனும் இருந்த வீட்டில், அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல இரண்டாவது வாசல் ஒன்று இருந்தது. கூட்டுக் குடும்பத்தைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அதே வீடுகளில்தான் பல கொடுமைகள் மூடி மறைக்கப்பட்டன. ஆனால் அந்த இரண்டாவது வாசலை இரண்டு அறைக் குடியிருப்புகளில் நாம் வேண்டுமென்றே கட்ட வேண்டியிருக்கிறது.

கேட்கும்போது நம் வாயில் முந்திக்கொண்டு வருபவை மூன்று. ‘இதுக்குப் போயா?’ என்ற சிறுமைப்படுத்தல். ‘உனக்கென்ன குறை வச்சோம்?’ என்ற குற்றச்சாட்டு. ‘நாங்கல்லாம் அந்தக் காலத்துல…’ என்ற வரலாறு. இவற்றுக்கு அடுத்த இடத்தில் இருப்பது அறிவுரை. அது அன்பிலிருந்து வருவதால் அடக்குவது கடினம். உளவியலாளர்கள் நெட்டா வைன்ஸ்டைன், கை இட்சாக்கோவ் ஆகியோர் பதின்வயதினருக்கு ஒரு காணொளியைக் காட்டி ஆராய்ந்தார்கள். பிள்ளை ஒன்று தன் சிக்கலைச் சொல்கிறது, பெற்றோர் கேட்கிறார். ஒரு வடிவில் முழுக் கவனத்தோடு, இன்னொன்றில் அரைகுறையாக. அந்தப் பிள்ளையின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்தவர்கள், கவனமான கேட்பைக் கண்டபோது இனியும் இவரிடம் சொல்லத் தோன்றும் என்றார்கள். கேட்டவர் சொன்ன தீர்வு இதில் பேச்சாகவே இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் தவிர்க்கக் கூடாது. ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று படித்தவர்களும் பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து ஆய்வாளர் மேடலின் கூல்ட் 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. கேட்கப்பட்டவர்களுக்குத் துயரமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஆமாம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. வீட்டில் உள்ள மருந்து மாத்திரைகளும் ஆபத்தான பொருள்களும் கைக்கு எட்டாமல் பூட்டப்பட வேண்டும். அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அவசர சிகிச்சைக்கோ கூட்டிப்போக வேண்டும்.

இன்னொரு பொறி, ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்பது. பண்ணக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்தச் சத்தியத்தை மீறித்தான் ஆக வேண்டும். பாலியல் வன்முறை என்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. 18 வயதுக்குக் கீழே இருவரும் விரும்பிப் பாலுறவு கொண்டாலும் சட்டத்தின் பார்வையில் சம்மதம் என்று ஒன்று இல்லை. இதனால் சில பிள்ளைகள் மருத்துவரிடம்கூடப் பேச அஞ்சுகிறார்கள் என்பது இந்தச் சட்டத்தின் நிஜமான சிக்கல். அதை நீதிமன்றங்களும் சட்டமியற்றுபவர்களும் தீர்க்க வேண்டும். கேட்பவரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘உனக்கு ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்ட, எப்படின்னு உன்னைக் கேட்டுட்டுதான் செய்வேன்’ என்று முன்கூட்டியே நேர்மையாகச் சொல்வது.

பேச்சு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புவதும் தவறு. அமெரிக்காவின் அமண்டா ரோஸ் 2002இல் எழுதிய ஆய்வில், தோழிகள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அசைபோடும்போது நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருக்கின்றன என்று கண்டார். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் சொல்வது சக வயதுத் தோழரிடம், நள்ளிரவு வாட்ஸ்அப்பில். அந்தத் தோழர் 15 வயதில் இன்னொரு உயிரின் பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு காலையில் கணக்குத் தேர்வு எழுதப் போகிறார். ‘நண்பன் ரகசியத்தைக் காப்பாற்று’ என்று சொல்லிக் கொடுத்த நாம், ‘உயிர் விஷயம் என்றால் ஒரு பெரியவரைக் கூட்டி வா, அது துரோகம் ஆகாது’ என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சிக்கலின் வேர் வெளியே இருக்கும்போது கேட்பது மட்டும் போதாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், முடிவு வெளியாகும் நாளே பயம் தரும் நாளாக இருந்தது. உடனடித் துணைத் தேர்வு வேண்டும் என்று சிநேகா வலியுறுத்தியது, அரசும் கொண்டுவந்தது. ஓராண்டுத் தண்டனை சில வாரங்களாகச் சுருங்கியது. பிள்ளைகள் சொன்னதைக் கேட்டவர்கள் அதை அரசாணைவரை கொண்டுபோனதால் நடந்தது அது.

இதைப் படிப்பவர் பதின்வயதில் இருந்தால் உங்களுக்கு நேராகச் சில வார்த்தை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையென்றால், மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் இதுவரை சொல்லாதவர் யார் என்று யோசியுங்கள். அவர் அப்பாவோ டீச்சரோ ஆக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட ஆயாம்மா, பெரியம்மா மகள், நூலகர் யாராகவும் இருக்கலாம். வாயில் வரவில்லை என்றால் எழுதிக் கொடுக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இலேயே, மனதை உறுத்தும் நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாள் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்ததைக் காட்டினார். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போது ‘ஐடியா வேணாம், கொஞ்ச நேரம் கேளுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் சொன்ன ஆள் சிரித்துவிட்டாலோ திட்டிவிட்டாலோ, அது அந்த ஆளைப் பற்றிய தகவல். இரண்டாவது ஆளிடம் போங்கள்.

அந்த இரண்டாவது ஆள் வீட்டிலும் ஊரிலும் கிடைக்கவில்லை என்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் அப்படியே. பள்ளி தொடர்பான எதற்கும் தமிழ்நாட்டில் 14417. சிநேகாவின் எண் 044-24640050. பெற்றோர்கள் இந்த எண்களைப் பிள்ளையிடம் ‘தேவைப்பட்டால் கூப்பிடு’ என்று கொடுப்பதற்கு முன், தாங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். டெலி-மானஸும் சிநேகாவும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.